ஒரு கையின் முதலாளி

வாரியத்தின் பெயர் அதன் கட்டடத்தைவிட நீளம். 'வீட்டுப் பணியாளர் மற்றும் செயலிவழிப் பணியாளர் சமூகப் பாதுகாப்பு, நலவாழ்வு, கண்ணிய மேம்பாட்டு வாரியம்' என்று ஆளுயர எழுத்தில் எழுதக் கிளம்பிய பெயிண்டர், 'பாதுகாப்பு' வரைக்கும் வந்ததும் சுவர் தீர்ந்துபோனதைக் கண்டார். மனிதர் கொஞ்சமும் கலங்கவில்லை. மூலை திரும்பி அடுத்த சுவரில் தொடர்ந்துவிட்டார். அங்கே வண்டி நிறுத்தத்தின் தகரக் கூரை 'நலவாழ்வு'க்குக் குறுக்கே இறங்கியிருந்தது. 'கண்ணியம்' பின்பக்கம், கழிப்பறைக்குப் போகிற வழியில் இருந்தது.

பளபளக்கா முதல் நாள் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் கட்டடத்தை முக்கால் சுற்று சுற்றிவிட்டாள்.

அவளுக்குப் பளபளக்கா என்று பெயர் வைத்தது கூட வேலை செய்கிற பெண்கள். அவள் தேய்த்துவிட்டுப் போன குழாயில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பதினெட்டு வருஷமாகக் காலையில் நான்கு வீடுகள். மூன்று வருஷமாக மதியத்தில், கைபேசியில் இருக்கிற ஒரு செயலி எந்த வீட்டைக் காட்டுகிறதோ அந்த வீடு. தரை துடைக்கிற துணியை ஒரு நாளைக்கு நூறு தடவையாவது பிழிந்திருப்பாள். பிழிந்து பிழிந்து, துணியில் இருந்த ஈரம் போனதோ இல்லையோ, வலது மணிக்கட்டில் இருந்த உயிர் போய்விட்டது. மூன்று விரல் மரத்துவிட்டது. டம்ளரைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பது, அது தரையில் விழும் சத்தத்தில்தான் தெரிந்தது.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார். "நரம்பு நசுங்கிக் கிடக்கு. ஒரு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணலைன்னா கட்டைவிரல் வெறும் அலங்காரத்துக்குத்தான்" என்றார். வாரியத்தின் பச்சை அட்டை இருந்தால் அடுத்த வாரமே இலவசமாகச் செய்யலாம். இல்லாவிட்டால் பொது வரிசையில் பெயர் எழுதிக்கொண்டு அடுத்த வருஷம் வரவேண்டும்.

ஒரு அட்டைதானே, ஒரு மாசம் இருக்கிறதே என்று நினைத்தாள். அப்பாவி.

வாரியத்துக்கு அவளை வண்டியில் கூட்டி வந்தவன் அவள் தம்பி. கடையிலிருந்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. முதுகில் எந்நேரமும் ஒரு பெரிய சதுரப் பை இருப்பதால் தெருவில் அவனுக்குப் பெட்டி என்று பெயர்.

முதல் கவுன்ட்டரில் இருந்தவர் விண்ணப்பத்தைத் தலைகீழாக ஒருமுறை, நேராக ஒருமுறை பார்த்தார்.

"என்ன வேலை?"

"வீட்டு வேலைங்க."

"செய்யறீங்கங்கறதுக்கு அத்தாட்சி?"

பளபளக்கா கையை நீட்டினாள். ரேகையெல்லாம் தேய்ந்து, சோப்பில் ஊறி ஊறி வெளுத்துப்போன உள்ளங்கை.

"கை எல்லாருக்கும்தாம்மா இருக்கு. நான் காகிதம் கேக்கறேன். நீங்க வேலை செய்யறதை நேர்ல கண்ட வீட்டுக்காரங்க கையெழுத்து வேணும். 'நேரில் கண்டு' அப்படின்னு சட்டத்துல தெளிவா இருக்கு."

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. பளபளக்காவின் தொழில் திறமையே அவள் கண்ணில் படாததுதான். நான்கு வீட்டுச் சாவியும் அவளிடம் இருந்தது. அவர்கள் கிளம்பிப் போன பிறகு திறப்பாள். திரும்பி வருவதற்குள் பூட்டிவிட்டுப் போய்விடுவாள். சொல்ல வேண்டியதை ஃபிரிட்ஜ் கதவில் துண்டுச் சீட்டாக ஒட்டிவைப்பார்கள். மூன்றாவது வீட்டு ஐயாவை அவள் ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தாடியை மட்டும் தெரியும், அதுவும் கைகழுவும் தொட்டியில். கறுப்பாக இருந்தது கண்ணெதிரே நரைத்தது.

இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போனாள். முதல் வீட்டில் கதவைத் திறந்தவர், "நாங்க எதுவும் வாங்கறதில்லைங்க" என்று சாத்திவிட்டார். இரண்டாம் வீட்டில், "நேரில் கண்டுன்னு போட்டிருக்கே, நாங்க கண்டதில்லையே, பொய்க் கையெழுத்துப் போடலாமா?" என்று நியாயம் பேசினார்கள். தாடிக்காரர் வீட்டில் அவர் ஊரில் இல்லை. நான்காம் வீட்டம்மாதான் பாசமாக உட்காரச் சொன்னார்.

"நீ எங்க வீட்டுல ஒருத்தி. வீட்டு மனுஷிக்கு யாராவது சர்டிபிகேட் குடுப்பாங்களா? மனசுக்குக் கஷ்டமா இருக்கும்மா."

மனக்கஷ்டத்தோடு கதவு மூடியது.

பளபளக்கா சேர்த்துவைத்திருந்த ஃபிரிட்ஜ் சீட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கவுன்ட்டருக்கு வந்தாள். முந்நூறு சீட்டாவது இருக்கும். 'குளியலறை மூலையில் பாசி. கவனிக்கவும்.' 'மின்விசிறி இறக்கையின் மேல்பக்கமும் பக்கம்தான்.' 'நேற்று டம்ளர் உடைந்ததா? யார்?'

கவுன்ட்டர்காரர் ஒவ்வொன்றாக ரசித்துப் படித்தார். "நல்ல கையெழுத்து. ஆனா யாருக்கு எழுதினதுன்னு எதுலயும் இல்லையே. வீட்டுக்காரங்க தனக்குத் தானே எழுதிக்கிட்டிருக்கலாம்."

"நீங்களே ஒரு நடை வந்து பாருங்களேன், சார்."

"வீடுங்கறது பணியிடம் இல்லைம்மா. அந்தரங்கம். ஆய்வாளர் உள்ள வரக்கூடாது. சட்டம் உங்களைப் பாதுகாக்கணும், ஆனா நீங்க இருக்கற இடத்துக்கு வரக்கூடாது. நுட்பமான விஷயம், உங்களுக்குப் புரியாது. ஒண்ணு பண்ணுங்க, செவ்வாய்க்கிழமை வாங்க. திறன் மெய்ப்பிப்பு நாள். இங்கயே செஞ்சு காட்டுங்க, நானே நேரில் கண்டுடறேன்."

செவ்வாய்க்கிழமை போனால், வாளியும் துணியுமாக இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். வாரியத்துக்கென்று துப்புரவுப் பணியாளர் கிடையாது. பல வருஷமாக எந்தச் செவ்வாயும் அந்தக் குறையை உணரவிட்டதில்லை. பளபளக்காவுக்கு முதல் மாடி விழுந்தது. இடது கையால் பிழிந்து, வலது முழங்கையால் அழுத்தி, நான்கு மணி நேரம் துடைத்தாள். கவுன்ட்டர்காரர் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு நேரில் கண்டார். பிறகு எழுதினார்: 'விண்ணப்பதாரர் துடைத்தது அலுவலகம். வீடு அல்ல. எனவே இவர் வீட்டுப் பணியாளர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை. தரை நன்றாக உள்ளது.'

மாசத்தில் பதினோரு நாள் போயிருந்தது.

பெட்டிக்குப் பொறுக்கவில்லை. "அக்காவுக்கு மதியத்துல செயலி வேலையும் இருக்குங்க. அதுல எல்லாம் பதிவாகியிருக்கே. எத்தனை மணிக்குப் போனா, எத்தனை மணிக்கு வந்தா, எத்தனை நட்சத்திரம்…"

கவுன்ட்டர்காரர் நிமிர்ந்தார். "செயலியா? அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" கைபேசியை வாங்கித் துழாவினார். அதில் சேரும்போது பதினோரு இடத்தில் 'சம்மதம்' என்று அமுக்கச் சொல்லியிருந்தது. அமுக்கிக் கொடுத்தவன் பெட்டிதான். ஏழாவது சம்மதத்தைக் கண்டுபிடித்ததும் கவுன்ட்டர்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"'பங்காளர் ஒரு சுயேச்சையான தொழில் முனைவோர். தம்மிடம் பணிபுரிவோருக்குத் தாமே முழுப் பொறுப்பு.' அடடா! மேடம், நீங்க இந்த வரிசைல நிக்கவே கூடாது. நீங்க முதலாளி. மூணாவது மாடி. லிஃப்ட்ல போங்க."

"நாலு வீட்டுல துடைக்கறேனே சார்."

"ஒரு இடத்துல முதலாளின்னா எல்லா இடத்துலயும் முதலாளிதான் மேடம். அதைத் துண்டு போட முடியாது."

லிஃப்ட் கதவில் 'நிறுவன உரிமையாளர்களுக்கு மட்டும்' என்று பித்தளைத் தகடு. பெட்டியும் ஏறப் பார்த்தான். அவனுடைய செயலியிலும் அதே ஏழாவது சம்மதம் இருந்ததால் மரியாதையோடு அனுமதித்தார்கள்.

"என்னடா, நீயும் முதலாளியா?"

"ஆமாக்கா. மழைல நனையற முதலாளி."

மூன்றாம் மாடியில் மெத்தை வைத்த நாற்காலி. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர். பளபளக்கா பயந்துபோய் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தொழில் முனைவோர் பிரிவின் அம்மையார் மலர்ந்த முகத்தோடு படிவத்தை எடுத்தார்.

"சொல்லுங்க மேடம். உங்ககிட்ட எத்தனை பேர் வேலை செய்யறாங்க?"

"யாருமில்லைங்க. நான் ஒருத்திதான்."

"ஒருத்தர்." எழுதிக்கொண்டார். "பெண்ணா?"

"நான்தாங்க."

"பெண். எத்தனை வருஷமா?"

"பதினெட்டு."

"வேலை நேரம்?"

"காலைல அஞ்சரைக்குக் கிளம்பினா சாயந்திரம் ஏழாயிடும்."

அம்மையாரின் பேனா நின்றது. "வாராந்திர விடுமுறை?"

"அதெல்லாம் ஏதுங்க."

"கையுறை குடுத்திருக்கீங்களா?"

"யாருக்கு?"

"உங்ககிட்ட வேலை செய்யற பெண்ணுக்கு."

"இல்லைங்க."

"பிரசவத்துக்கு லீவு?"

"சின்னவ பொறந்தப்ப ஒன்பதாம் நாள் வேலைக்குப் போயிட்டேன்… போயிட்டா."

அம்மையாரின் முகத்தில் மலர்ச்சி முழுவதுமாக வாடிவிட்டது. தண்ணீர் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, நீங்களும் ஒரு பொம்பளைதானே? பதினெட்டு வருஷமா ஒருத்தியை இப்படிச் சக்கையாப் பிழிஞ்சிருக்கீங்களே, மனசாட்சியே இல்லையா? அவ கை இப்ப எப்படி இருக்குன்னாவது தெரியுமா?"

"தெரியுங்க. வீணாப்போச்சு."

"அதைக் கல்லு மாதிரி உக்காந்து சொல்றீங்க!"

பளபளக்காவுக்கு உண்மையிலேயே குற்ற உணர்ச்சி வந்துவிட்டது. அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஒரு நாள்கூட அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லையே என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு இரண்டு பதிவுத் தபால் வந்தது. ஒன்று முதலாளிக்கு: பதினான்கு சட்ட மீறல்கள், விசாரணைக்கு வரவும். இன்னொன்று தொழிலாளிக்கு: உங்கள் முதலாளி மேல் வாரியம் உங்கள் சார்பில் வழக்குத் தொடுத்துள்ளது, அஞ்ச வேண்டாம். தபால்காரர் இரண்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்கினார். மரத்துப்போன விரலோடு போட்டதில் இரண்டும் இரண்டு மாதிரி விழுந்தது நல்லதாகப் போயிற்று.

பெட்டி இரண்டையும் படித்தான். "அக்கா, உன்மேல கேஸ் போட்டது நீதான்."

"அடிப்பாவி" என்றாள் பளபளக்கா.

விசாரணை ஆணையரின் அறையில். நீள மேசைக்கு ஒரு பக்கம் 'நிர்வாகத் தரப்பு' என்ற பலகையும் சாய்மான நாற்காலியும். மறுபக்கம் 'தொழிலாளர் தரப்பு' என்ற பலகையும் பிளாஸ்டிக் ஸ்டூலும். நடுவில் ஆணையர். ஓரத்தில் மூன்றாம் மாடி அம்மையார் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தார். சுவரோரம் பெட்டி, பெட்டியோடு.

ஆணையர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். கூட்டம் மூன்று பேர்தான் என்பது அவரைத் தடுக்கவில்லை.

"இந்த வாரியத்துல நான் பொறுப்பேத்து ஒன்பது வருஷம் ஆச்சு. இன்னிக்குத் தேதிக்கு நிலுவையில ஒரு வழக்குகூட இல்லை. ஏன்? வழக்கே வந்ததில்லை. அந்த அளவுக்குத் தொழிலாளர்களைத் திருப்தியா வெச்சிருக்கோம். பச்சை அட்டையை எடுத்துக்குங்க. லட்சம் அட்டை அச்சடிச்சோம். லட்சமும் பத்திரமா நம்ம இரும்பு அலமாரில இருக்கு. ஒண்ணுகூடத் தவறான கைக்குப் போகலை. வீட்டு வேலை செய்யறவங்க கஷ்டம் எனக்குப் புத்தகத்துல படிச்சுத் தெரிய வேண்டியதில்லை. எங்க வீட்டுக்கே ஒரு அம்மா பதினோரு வருஷமா வராங்க. பேரு… நல்ல பேருதான். அவங்களை நாங்க சொந்தமாவே நினைக்கறோம். அதனாலதான் அவங்களுக்கு லீவுங்கற எண்ணமே வந்ததில்லை. அட்டைக்கு விண்ணப்பம் போடலாமான்னு ஒரு தடவை கேட்டாங்க. உரிமையா கடிஞ்சுக்கிட்டேன். 'நான் இருக்கறப்ப உனக்கு எதுக்கும்மா வாரியம்?'னேன். கண்ணு கலங்கிட்டாங்க."

அம்மையார் மட்டும் கைதட்டினார்.

"சரி. தொழிலாளி தரப்பு பேசலாம்."

பளபளக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "ஐயா, எனக்குக் கேஸெல்லாம் வேணாங்க. இந்தக் கையை மட்டும் காப்பாத்திக் குடுத்துடுங்க. டாக்டர் சொன்ன கெடுவுல இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கட்டைவிரல் போயிட்டா துணி பிழிய முடியாது, சாவி திருப்ப முடியாது. ரெண்டு பொண்ணுங்க படிக்கறாங்க. எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதுங்க."

"உணர்ச்சிவசப்படாதீங்க" என்றார் ஆணையர். "எதுக்கும் ஒரு முறை இருக்கு. இதுக்கு உங்க முதலாளி என்ன பதில் சொல்றாங்கன்னு பார்ப்போம்." சாய்மான நாற்காலியின் பக்கம் திரும்பினார். அது காலியாக இருந்தது. அவர் காத்திருந்தார். அம்மையாரும் காத்திருந்தார். பளபளக்காவுக்கு விஷயம் புரிய அரை நிமிஷம் ஆயிற்று. எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"அவ சொல்றது நெசம்தாங்க. பாவம், அவளுக்கு…"

"இருங்க, இருங்க" என்று ஆணையர் கையை உயர்த்தினார். "நிர்வாகமே தொழிலாளிக்குப் பரிஞ்சு பேசினா அது விசாரணை இல்லை, கூட்டுச்சதி. குறிப்புல ஏத்த முடியாது. நீங்க உங்க நலனைப் பேசணும்."

பளபளக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சுவரோரத்திலிருந்து பெட்டி முணுமுணுத்தான்: "அக்கா, முதலாளி மாதிரி பேசுக்கா. பதினெட்டு வருஷமாக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்க?"

அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தாள். சாய்ந்ததும் முதுகுத்தண்டு தானாக நிமிர்ந்தது. எந்த வீட்டு ஃபிரிட்ஜிலிருந்து அந்தக் குரல் வந்ததோ தெரியவில்லை, ஆனால் வந்தது.

"இங்க பாருங்க. எனக்கு ரெண்டு கையும் ஒழுங்கா வேலை செய்யணும். இந்த மாதிரி கையை வெச்சுக்கிட்டு நான் எப்படித் தொழில் நடத்தறது? மூணு வாரமா உங்க ஆபீசுக்கு நடக்கறேன். என் நேரத்துக்கு மதிப்பில்லையா? ஒரு வாரத்துல அந்தக் கையைச் சரி பண்ணிக் குடுத்தா நடத்தறேன். இல்லைன்னா நாளைக்கே கடையை இழுத்து மூடிட்டுப் போயிட்டே இருப்பேன். கேக்கறவங்களுக்கு நீங்க பதில் சொல்லிக்குங்க."

ஆணையர் பதறி எழுந்தார். "மேடம், மேடம்… அப்படியெல்லாம் முடிவெடுக்கக் கூடாது. முதல்ல குடிக்க ஏதாவது கொண்டுவரச் சொல்றேன்." அம்மையாரைப் பார்த்துச் சீறினார். "என்னம்மா இது? ஒரு தொழில் முனைவோரை மூணு வாரமா அலைய விட்டிருக்கீங்க! இவங்க கடையை மூடிட்டா வேலை இழக்கற தொழிலாளி கதி என்ன? நம்ம அக்கறையெல்லாம் தொழிலாளி மேலதானே இருக்கணும்? ஏதாவது திட்டம் இருக்கா பாருங்க, சீக்கிரம்!"

அம்மையார் கோப்புகளைப் புரட்டினார். "உற்பத்திச் சாதனப் பழுதுநீக்கத் திட்டம்னு ஒண்ணு இருக்கு சார். உரிமையாளர்களுக்கு. தையல் மெஷின், அரவை மெஷின் எல்லாம் ரிப்பேர் பண்ணித் தரலாம். ஏழு நாள் கெடு."

"கை சாதனமா?"

"வரையறை இப்படி இருக்கு சார்: 'தொழிலுக்கு இன்றியமையாததும், தொடர்ந்த பயன்பாட்டால் தேய்மானம் அடையக்கூடியதும், உரிமையாளரின் பொறுப்பில் உள்ளதுமான எதுவும்.'"

"தேய்ஞ்சிருக்கா?"

பளபளக்கா உள்ளங்கையைக் காட்டினாள். ஆணையர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். முதல் கவுன்ட்டரில் காகிதமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே கை, மேல் மாடிக்கு ஏறி வந்ததும் தெளிவாகத் தெரிந்தது.

"நல்லாவே தேய்ஞ்சிருக்கு" என்றார் பரவசமாக.

பத்து நிமிஷத்தில் படிவம் நிரப்பப்பட்டது. சாதனத்தின் பெயர்: கை, வலது. தயாரிப்பு ஆண்டு: பளபளக்கா பிறந்த வருஷம். இதற்குமுன் பழுது பார்க்கப்பட்டதா? இல்லை. மாற்றுச் சாதனம் உண்டா? இடது. எரிபொருள் என்ற இடத்தில் அம்மையார் கொஞ்ச நேரம் யோசித்து 'தேநீர்' என்று எழுதினார். தொழிலாளியின் வழக்கு மறுவிசாரணைக்காக எட்டாம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

எட்டாம் தேதி காலையில் ஆபரேஷன் நடந்தது. படிவத்தில் பணிமனை என்று இருந்ததை அடித்துவிட்டு ஆஸ்பத்திரி என்று எழுதிக்கொண்டார்கள். டாக்டர் ஒரு மணி நேரத்தில் நசுங்கிய நரம்பை விடுவித்து, முழங்கை வரை மாவுக்கட்டுப் போட்டு, "ஆறு வாரத்துக்கு ஒரு கரண்டியைக்கூடத் தூக்கக் கூடாது" என்றார்.

பத்து நாள் கழித்து, பளபளக்காவின் ஒற்றை அறை வீட்டுக்கு ஆய்வாளர் வந்தார். ஆள் பற்றாக்குறையால் முதல் கவுன்ட்டர்காரரையே அனுப்பியிருந்தார்கள். தொழிலாளி வேலை செய்கிற இடத்துக்குத்தான் அவர் வரக்கூடாது. முதலாளியின் இடத்துக்குத் தாராளமாக வரலாம். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். 'வாரியத்தின் உதவியால் பழுதுநீக்கப்பட்டது' என்ற தகரச் சீட்டை மாவுக்கட்டின் மேல் பசைவைத்து ஒட்டினார். பிறகு நோட்டைத் திறந்தார்.

"சாதனம் ஓடலை போலிருக்கே, மேடம்?"

"என் சாதனம். ஓட்டறதும் நிறுத்தறதும் என் இஷ்டம்" என்றாள் பளபளக்கா, படுத்திருந்தபடியே. இப்போதெல்லாம் அந்தக் குரல் கூப்பிட்டவுடன் வந்தது.

"நிச்சயமா, மேடம்." பணிவாக எழுதிக்கொண்டார். "அப்புறம் ஒரு நல்ல சேதி. உங்க மேல இருந்த பதினாலு குற்றச்சாட்டும் தள்ளுபடி. நீங்க ஜெயிச்சுட்டீங்க. அந்தம்மா எட்டாம் தேதி விசாரணைக்கு வரவே இல்லை."

"எந்தம்மா?"

"உங்ககிட்ட வேலை செய்யறாங்களே, அவங்கதான். இவங்க எல்லாருமே இப்படித்தான் மேடம். உரிமை உரிமைம்பாங்க, கூப்பிட்டா வரமாட்டாங்க. இப்ப எங்க அவங்க?"

பெட்டி சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு நழுவினான். பளபளக்கா மாவுக்கட்டைத் தலையணை மேல் சரியாக எடுத்துவைத்துக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லை. லீவு குடுத்திருக்கேன்."

"எத்தனை நாள்?"

"ஆறு வாரம்."

ஆய்வாளரின் பேனா நோட்டிலிருந்து எழும்பிவிட்டது. பிளந்த வாயை மூடிக்கொண்டு, அந்த ஒற்றை அறையையும் கட்டிலையும் கட்டிலில் கிடந்தவளையும் ஒருமுறை பயபக்தியோடு பார்த்தார்.

"ஆறு வாரமா! உங்களை மாதிரி ஒரு முதலாளி கிடைக்க அந்தம்மா குடுத்து வெச்சிருக்கணும், மேடம்."